மூன்றுக்குக் கீழே

பதினெட்டு என்றாள் ஃபர்ஹானா. சென்னையில் இருந்துகொண்டு என் காதுக்குள் பேசினாள், காய்ச்சல் இறங்கும் பிள்ளையின் சூட்டைப் பார்த்துச் சொல்கிறவளைப் போல, பதினெட்டு, நல்லா இறங்குது, யாரும் திரையை விட்டு எழுந்திரிக்காதீங்க. எங்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. மணி இரண்டேகால். சரவணம்பட்டியில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே வெயில் கொஞ்சமும் அசையாமல் நின்றது, எதிர் மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டிகூட ஆடவில்லை. நான் எழுந்திரிக்கவில்லை. அந்த அழைப்பில் பதினேழு பேர் இருந்தோம். பதினாறு பேர் ஓர் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் ஆள் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஒவ்வொன்று குறையும்போதும் அவன் ஒரு படி ஏறினான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, மழிக்காத முகம், மூன்று நாளாக மாற்றாத சட்டை. மூன்று வருஷத்துக்கு முந்தைய தீபன், அதாவது நான். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது, அவனுக்கு நரைத்திருக்காது. அவன் போட்ட கையெழுத்துக்கு வயதாவதில்லை. அன்று எப்படி நின்றானோ அப்படியே சாப்பிடாமல் தூங்காமல் வரிசையில் நின்றிருக்கிறான், இன்று எண் மூன்றுக்குக் கீழே போன நிமிஷம் அவன் எங்கள் கதவுக்கு வந்துவிடுவான், வந்தால் என்னைத் தேடமாட்டான், என் மனைவி யாமினியைத்தான் தேடுவான். பதினேழு என்றாள் ஃபர்ஹானா.

வேலை என்னவோ சாதாரண வேலைதான். கூலியைக் குறைப்பது, ஃபர்ஹானா சொல்லும் எண் அந்தக் கூலிதான். கிரிப்டோவில் யார் யாருக்கு என்ன அனுப்பினாலும் அது உலகம் முழுக்கப் பொதுவான ஓர் ஏட்டில் ஏறவேண்டும், ஏட்டின் பக்கம் சின்னது, சில விநாடிக்கு ஒரு பக்கம்தான் திறக்கும், இடத்துக்கு அடிதடி. அதிகக் கூலி தருகிறவன் உள்ளே போவான், தராதவன் வெளியே வரிசையில் நிற்பான். நெரிசலான நாளில் நூறு ரூபாய் அனுப்ப நாலாயிரம் ரூபாய் கூலி கேட்ட காலம் ஒன்று இருந்தது. இதை ஒருமுறை என் மாமனார் ஆறுச்சாமியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தோப்பில் கிடந்த தேங்காய்க் குவியலைப் பார்த்துவிட்டு, ஒரு காய்க்கு ஒரு லாரி புடிச்சா அப்படித்தான் ஆகும் மாப்ள, பத்தாயிரம் காயை ஒரே லாரியில ஏத்துனா வாடகை காய்க்குக் கால் காசுகூட வராதே என்றார். நாங்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்ததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களை வெளியே ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரே ஒரு அத்தாட்சியை மட்டும் பெரிய ஏட்டில் ஏற்றுவது. இன்று மதியம் அந்த மூட்டைகளுக்கென்று ஏட்டிலேயே தனி அகலம் திறக்கிறது, மூட்டைகள் அங்கே போய்விடும், பழைய வாசலில் நெரிசல் குறையும், கூலி விழும். விழும்போது, வரிசையின் கடைசியில் சொற்பக் கூலியோடு எத்தனையோ நாளாக நிற்பதெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போகும். எல்லோருக்கும் சந்தோஷமான விஷயம். மூன்று வருஷமாக இதற்காகத்தான் உழைத்தேன், லீவு நாளில்கூட உழைத்தேன், அவ்வளவு ஆர்வம் எதற்கென்று யாமினி கேட்டபோது எனக்கே தெரியாது என்றுதான் சொன்னேன். தெரியாமல்தான் இருந்ததா. அவன் ஏறி வருவதற்குப் படியை நானே கட்டிக்கொண்டிருந்தேன் என்பது இன்று காலை பத்து மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. அல்லது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்ததா.

இன்று காலை பத்து மணிக்கு, வரிசையில் மிகப் பழையவை எவையென்று பார்க்கச் சொல்லியிருந்தாள் ஃபர்ஹானா, சோதனைக்காக. பட்டியலின் அடியில் என் முகவரி இருந்தது. நீளமான எண்ணும் எழுத்தும், யாருக்கும் அது ஒன்றுமில்லை, எனக்கு அது வாசலில் கழற்றிவிட்ட என் பழைய செருப்பைப் போல உடனே தெரிந்தது. அந்த ஏட்டில் பணம்தான் எழுதவேண்டும் என்றில்லை, பணம் எதுவும் வைக்காமல் வார்த்தைகளை மட்டும் எழுதி அனுப்பலாம், ஏறிவிட்டால் அழிக்க முடியாது, உலகம் இருக்கும்வரை இருக்கும். அப்படி யாமினிக்கு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் தம்பி சிபியின் காரியம் முடிந்த மறுநாள். இவ்வளவுக்கு மேல் கூலி தரமாட்டேன் என்று ஓர் எல்லை போடவேண்டும், மூன்று என்று போட்டேன். அன்று கூலி நூற்று நாற்பதில் இருந்தது. மூன்று என்றால் நடக்காது என்று அர்த்தம். ஆனால் அனுப்பாமல் இல்லையே, அனுப்பியாகிவிட்டதே, போய்ச் சேரவேண்டியதுதானே பாக்கி. அதோடு விடவில்லை. வரிசையில் ரொம்ப நாள் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதால், தினமும் அதை எடுத்து மறுபடி வாசலில் நீட்டும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அப்போது வேலை பார்த்த கம்பெனியின் ஏதோ ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். திரும்பப் பெற வேண்டுமானால் என் சாவி வேண்டும், சாவி என்பது பன்னிரண்டு வார்த்தைகள் எழுதிய ஒரு தாள், அந்தத் தாளை கேஸ் அடுப்பில் காட்டி எரித்தேன். இனி என்னாலும் நிறுத்த முடியாது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, என்னை நல்லவன் என்று நினைத்து அழுதேன். பிறகு கம்பெனி மாறினேன். அந்த மூலைக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது ஆயிரம் நாளுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் என் கையை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

பதினொன்று. ஹாலில் யாமினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் காலையில் மட்டும்தான் வேலை, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி, உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார்கள் என்று பாதி கண்டுபிடித்துவிடுவாள். அதனாலேயே மூன்று வருஷமாக அவள் முன்னால் தூக்கத்தில்கூட வாய் அசைந்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்துப் படுக்கிறேன். சிபி அவளுக்குப் பத்து வயது இளையவன், தம்பி என்றாலும் அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது மாமனார் ஒரு பெரிய பைக் வாங்கிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி, உடுமலைக்கு வெளியே தோப்பு வீட்டிலிருந்து கிளம்பும்போது அவன்தான் ஓட்டினான், எல்லோரும் பார்த்தார்கள், அவன் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து கையசைத்துவிட்டுத்தான் போனேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டி வாய்க்கால் மதகருகில் நிறுத்தச் சொன்னேன், கொண்டா நான் ஓட்டிப் பார்க்கறேன் என்றேன். அவன் இறங்கி, சாவியைக் கையில் கொடுத்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான். அந்த மதகில் யாரும் இல்லை. ஒரு கொக்கு இருந்தது. அது மட்டும்தான் பார்த்தது. காற்று முகத்தில் அறைந்தபோது எனக்கும் பத்தொன்பது வயதாகிவிட்டது, சிபி இரண்டு தடவை முதுகில் தட்டினான், மெதுவாப் போங்க மச்சான் என்றான், பயத்தில் இல்லை, சும்மா, என்னைக் கிண்டல் செய்வதுபோல. நான் சிரித்தேன். வளைவில் மணல் கொட்டிக் கிடந்தது.

நினைப்பு எப்போதும் இங்கே வந்து நிற்கிறது, மணலில் இல்லை, அதற்குக் கொஞ்சம் தள்ளி. டிராக்டரில் வந்த ஒருவர் ஓடிவந்தார், சிபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாருங்க வண்டிய ஓட்டுனது என்று கேட்டார். தம்பி என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வலியில் முனகல் வருமே, அப்படி வந்தது. ஒரே ஒரு வார்த்தை, சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னதே எனக்குக் கேட்டது. சிபி மைல்கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குப் பதினொரு நிமிஷம், அதுவரைக்கும் மூச்சும் இருந்தது, கண்ணும் திறந்திருந்தது, என் பக்கம் திரும்பித்தான் இருந்தது. கேட்டதா. கேட்டிருக்காது, தலையில் அடி. கேட்டிருந்தால் உதடு அசைந்திருக்கும். அசைந்தது. இல்லை, அது மூச்சு. அசைந்தது மூச்சுதான் என்று டாக்டர் சொல்லியிருப்பார், நான் கேட்டிருந்தால், கேட்கவில்லை. யாமினி அங்கே இருந்திருந்தால் அந்த உதட்டைப் படித்திருப்பாள். இதுவரை வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், மதகு, கொக்கு, சாவி. மூன்று வருஷமாக மதியங்களில் இதே வட்டம்.

ஒன்பது என்றாள் ஃபர்ஹானா, சாப்பிடப் போறவங்க போய்ட்டு வாங்க, எப்படியும் இன்னும் அரைமணி நேரம் ஆகும். காது மாட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தேன். யாமினியின் போன் பிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது. அதில் அந்தச் செயலி இன்னும் இருக்கிறது, கல்யாணமான புதிதில் நான் கிறுக்குப் பிடித்துத் திரிந்த நாளில் அவளுக்கென்று ஒரு முகவரி உண்டாக்கி அதில் ஒரு துளி நாணயம் போட்டுக் கொடுத்தேன், இதை வெச்சு ஒரு காபி குடிக்க முடியுமா என்று கேட்டாள், அதோடு சரி. நாட்காட்டிக்கும் ரேஷன் செயலிக்கும் நடுவில் அது தூங்குகிறது. வந்து சேர்ந்தால் மணி அடிக்கும். போனை எடுத்து அந்தச் செயலியை நீக்கிவிட்டால் மணி அடிக்காது. அவள் கோலம் போடுவதுபோல் விரலை இழுத்துத் திறப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், நானும் இழுத்தேன், திறந்தது. கட்டைவிரலைச் செயலியின் மேல் வைத்தேன். நீக்கவா என்று கேட்டது. நீக்கினால் மட்டும் என்ன, ஏட்டில் ஏறியது ஏறியதுதான், எங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பேரும் இருக்கிறது. என்றாவது ஒருநாள் அவள் பார்ப்பாள். இல்லை, அதற்காக நான் நிறுத்தவில்லை. வரட்டும் என்று எனக்குள் ஒருத்தன் சொன்னான், வந்தாவது தொலையட்டும், நான் வாய் திறக்காமலே சொல்லியானதாக இருக்கும்.

என்னோட போன் எதுக்குங்க என்றாள் யாமினி பின்னாலிருந்து. சார்ஜ் ஏறிடுச்சான்னு பார்த்தேன் என்றேன். என் உதட்டைப் பார்த்தாள். ஏறிடுச்சு, எடுத்துக் குடுங்க என்று கீரைக் கையை நீட்டினாள். கொடுத்தேன். அதைத் தரையில் முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி காம்பு கிள்ளினாள். அவ்வளவுதான், இனி அது என் கையில் இல்லை. அப்பா பேசினாரு என்றாள் தலையைத் தூக்காமல், நேத்தும் அதையேதான் சொன்னாரு. எதை என்று நான் கேட்கவேண்டியதில்லை. மாமனார் மூன்று வருஷமாக ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். நாந்தானே வாங்கிக் குடுத்தேன். விருந்துக்கு வந்தவர்களிடமும் சொல்வார், உரக்கடையிலும் சொல்வார், பத்தொம்பது வயசுப் பையனுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வண்டி, நாந்தானே வாங்கிக் குடுத்தேன். அவனோடு படித்த பையன்களுக்கு அவர்கள் அப்பன்மார் சிபியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். போலீஸ் தாளில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி என்று அவன் பெயர் போட்டு எழுதி, ஓட்டியவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது என்று முத்திரை வைத்தார்கள். ஸ்டேஷனில் அதைப் படித்துக்காட்டியபோது மாமனார் பக்கத்தில் நின்று, ஆமாங்க சார், ஆமாங்க சார் என்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டுப் போட்ட கையால்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏழு. காலையில் பார்த்ததை மறுபடி திறந்தேன். வரிசையில் இருக்கும்போது தமிழ் தமிழாகத் தெரியாது, எண்ணும் இங்கிலீஷ் எழுத்துமாகத் தெரியும், தமிழின் ஒவ்வொரு எழுத்தும் ஈ பூஜ்யம் ஏ ஈ என்றுதான் தொடங்கும், சிலது ஈ பூஜ்யம் ஏ எஃப். வரிவரியாக அதுவே, ஈ பூஜ்யம், ஈ பூஜ்யம், பல் கிட்டித்துப்போனவன் பேச முயல்வதுபோல. மாற்றிப் படிக்க ஒரு நிமிஷம் போதும், காலையிலும் படிக்கவில்லை, இப்போதும் படிக்கவில்லை, என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியாதா. வண்டியைச் சிபி ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன், மதகருகில் வாங்கினேன், அவன் மெதுவாகப் போகச் சொன்னான். இத்தனையும் எழுதினேன். எழுதியதால்தான் உயிரோடு இருக்க முடிந்தது. உண்மை எங்கேயோ ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது, அனுப்பியாகிவிட்டது, கூலிதான் குறையவில்லை, தப்பு என்மேல் இல்லை, கூலிமேல். மாமனார் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் அந்த எழுத்தைத் தொட்டுக்கொள்வேன். ஆனால் ஒன்று மட்டும் காலையிலிருந்து நெருடியது. திரையில் இருந்தது மூன்று வரி எண்கள்தான். இவ்வளவும் மூன்று வரியில் அடங்காது. ஒரு பக்கமாவது வரவேண்டும். எண்ணிப் பார்த்தேன், பத்து வார்த்தைகூடத் தேறாது. இது என் முகவரிதானா. என் முகவரிதான். அப்படியானால் அன்றைக்கு உட்கார்ந்து எழுதியது யார், கட்டுப் போட்ட கையோடு இடக்கையால் தட்டித் தட்டி எழுதியவன் மிச்சத்தை எங்கே வைத்தான். ஐந்து என்றாள் ஃபர்ஹானா, ஐந்தை நான் என் வேலையில பாத்ததே இல்ல.

போய்ச் சொல்லிவிடலாம். பதினைந்து அடி தூரம். மூன்று வார்த்தை. வாயைத் திறந்தால் முடிந்தது, மணி அடிப்பதற்கு முன்னால் நான் சொன்னேன் என்றாவது இருக்கும். எழுந்தேன், நாற்காலி கிரீச்சிட்டது, ஹாலில் கீரை கிள்ளும் சத்தம் நின்றது. நான் அசையாமல் நின்றேன். அவளும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. பிறகு மறுபடி கிள்ளும் சத்தம். உட்கார்ந்துவிட்டேன். நாலு. அவன் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டான், நடைபாதையில் நடக்கிறான், செருப்பில்லாத கால், அன்றைக்கு ஒரு செருப்பு வாய்க்காலில் போய்விட்டது. மூன்று புள்ளி ஆறு. மூன்று புள்ளி இரண்டு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பதினேழு பேரின் மூச்சும் என் காதுக்குள் கேட்டது, ஒன்று அதிகமாக இருப்பதுபோல் பட்டது, எண்ணப் பார்த்தேன், மூச்சை எப்படி எண்ணுவது. வெளியே வேட்டி அசைந்தது. இரண்டு புள்ளி ஒன்பது என்றாள் ஃபர்ஹானா, யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும். பட்டியலின் அடியிலிருந்து என் வரி காணாமல்போனது. அழிந்ததுபோல்தான் இருந்தது. அழியவில்லை, உள்ளே போய்விட்டது.

ஹாலில் மணி அடித்தது. கண்ணாடித் தம்ளரில் நகத்தால் தட்டினாற்போன்ற சின்ன சத்தம். காது மாட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றேன். யாமினி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், இது என்னமோ புதுசா வந்திருக்கே என்றாள், விரலால் தொட்டாள், படித்தாள். நான் பயந்ததுபோல் முகம் மாறவில்லை. முதலில் கொஞ்சம் குழம்பியது, பிறகு இளகியது. இளகுவதற்கு அதில் என்ன இருக்கிறது.

"அன்னிக்கே எழுதுனதா இது? தேதி போட்டிருக்கீங்களே," என்றாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். "யாமினி, மெதுவாப் போகச் சொன்னேன். கேட்கல. மன்னிச்சிடு."

தேதியைத் தவிர அவ்வளவுதான் இருந்தது. அவள் இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள், உதடு அசைந்தது. பாவம், இதையா இத்தனை வருஷமா உள்ள வெச்சிக்கிட்டிருந்தீங்க என்றாள், நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்னாலும் கேக்கற வயசா அவனுக்கு. என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவ்வளவு அன்பாக அவள் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது, ஒரு பக்கத்துக்கு எழுதியதும், கூலி எவ்வளவு என்று பார்த்ததும். எழுத்துக்கு எழுத்து கூலி, தமிழுக்கு இங்கிலீஷைப்போல மூன்று மடங்கு. குறைக்க ஆரம்பித்தேன். மதகை எடுத்தேன், கூலி இறங்கியது. வண்டிச் சாவியை எடுத்தேன், இறங்கியது. நான்தான் ஓட்டினேன் என்ற இரண்டு வார்த்தையை எடுத்தேன், சிபி மெதுவாகப் போகச் சொன்னான் என்றாலே அவளுக்குப் புரிந்துவிடுமே, எதற்கு இரண்டு தடவை. பிறகு சிபியையும் எடுத்தேன். கடைசியில் மெதுவாப் போகச் சொன்னான், கேட்கல என்று நின்றது. அதுவரை கூலிக்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியாக மாற்றியது ஒரே ஒரு எழுத்து. சொன்னான் என்பதைச் சொன்னேன் என்று மாற்றினேன். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான், ஒரு காசு வித்தியாசமில்லை. மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வார்த்தைச் சாவியை எரித்துவிட்டு அழுதேன். இத்தனை காலம் உண்மை எங்கேயோ இருக்கிறது என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்த எழுத்தில் பொய்தான் இருந்தது. இப்போது அது ஏறிவிட்டது. உலகம் இருக்கும்வரை இருக்கும்.

அவன் வந்து சேர்ந்துவிட்டான், காரியத்தை முடித்துக்கொடுத்துவிட்டான், என்னைக் காப்பாற்றியாகிவிட்டது. இனி ஒன்றும் செய்யவேண்டாம். அவள் போனைக் கீழே வைத்தாள், கீரையை எடுத்தாள், காபி போடட்டுமா என்று கேட்டாள். போடு என்று சொன்னால் முடிந்துவிடும். நான் அவள் கண்ணைப் பார்க்காமல், உதட்டை அவள் நன்றாகப் பார்க்கும்படி நின்றேன்.

"நான்தான் வண்டிய ஓட்டுனேன் யாமினி. சிபி பின்னாடி உக்காந்திருந்தான். மெதுவாப் போகச் சொன்னது அவன்."

அவள் திரும்பக் கேட்கவில்லை. கீரைக்கொத்து கையிலேயே இருந்தது. எங்கே மாறினீர்கள் என்று மட்டும் கேட்டாள், மதகில் என்றேன், யார் பார்த்தது என்றாள், யாரும் இல்லை என்றேன். ரொம்ப நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேச்சு முடிந்த பிறகும். அறைக்குள் கழற்றி வைத்த காது மாட்டியிலிருந்து கைதட்டலும் சிரிப்பும் எறும்பு ஊர்வதுபோல் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு போனை எடுத்து அவள் அப்பாவை அழைத்தாள், சத்தமாக வைத்தாள், அப்பா, இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம் என்று சொல்லிவிட்டுப் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம், மாமனார் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சொல்லுங்க மாப்ள என்று கத்தினார். நான் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை, இருங்க இருங்க என்று போய் அணைத்துவிட்டு வந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை எதையும் குறைக்கவில்லை, மதகு, சாவி, மணல், டிராக்டர்காரர், தம்பி என்று நான் சொன்னது, சிபியின் கண் திறந்திருந்தது, எல்லாம் சொன்னேன். பாத்தியில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப எம் பையன் வேகமாப் போகல," என்றார்.

"இல்லைங்க மாமா."

போனை எங்கேயோ கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது, அவர் குரல் தூரமாகப் போனது, வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே மாமியாரைக் கூப்பிட்டார், சரோசா, சரோசா, இங்க வா, அவன் வேகமாப் போகலையாம். மாமியார் என்ன கேட்டாரோ தெரியவில்லை. அவன் ஓட்டவே இல்லையாம் என்று மாமனார் சொன்னது கேட்டது. பிறகு மாமியாரின் குரல், அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை, அடைத்துக் கிடந்த ஒன்று திறந்துகொண்டதுபோல ஒரே நீளமாக வந்தது. யாமினி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மாமனார் திரும்பி வந்தார், மூச்சு வாங்கியது, மாப்ள இருக்கீங்களா என்றார். இருக்கேனுங்க மாமா என்றேன். நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வந்துருங்க என்றார், சாதாரணக் குரலில், லோடு ஏற்ற ஆள் வரச் சொல்வதுபோல. அவன் பேர்ல எழுதியிருக்கறத மாத்தோணும். வரேனுங்க மாமா என்றேன். வெச்சர்றேன் என்று வைத்துவிட்டார்.

யாமினி எழுந்திரிக்கவில்லை. மடியில் போன், முறத்தில் பாதிக் கீரை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.